முகநூல் பக்கத்தில் திட்டமிட்டுக் கலகம் மூட்டும் கணக்குகளை எவ்வாறு இனங்காண்பது?

வாசகர் கேள்வி: வடமராட்சிக் கரையோர ஊர் ஒன்றின் சனசமூக நிலையத்துக்குரிய முகநூல் பக்கத்தை நான் பராமரித்து வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைமடிப் படகுகளால் (கடலடியை வாரும் பெருவலையை இழுத்துச் செல்பவை) எமது கடற்றொழிலாளரின் வலைகள் அறுக்கப்பட்டமை பற்றி அண்மையில் ஒரு பதிவு இட்டோம். அன்றிரவே முன்னர் கண்டிராத பல கணக்குகள் வந்து, ஒரு பகுதியினர் தமிழ்நாட்டு மக்களையும் மற்றப் பகுதியினர் எம்மையும் இழிவாக ஏசத் தொடங்கினர். இது உண்மையான கோபமா, யாரேனும் திட்டமிட்டுச் செய்வதா என்று எவ்வாறு அறிவது? அறிந்த பின் என்ன செய்வது?

பதில்: ஒரு கருத்து எவ்வளவு கசப்பாக இருந்தாலும், அந்தக் கசப்பு அதை எழுதிய கணக்குப் போலியானது என்பதற்குச் சான்றாகாது. இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னரும் வலைகளை இழந்துகொண்டிருக்கும் குடும்பங்களின் கோபம் ஏச்சாக வெளிப்படுவதில் வியப்பில்லை. மறைந்திருந்து பரப்புரை செய்வோர் பெரும்பாலும் ஏற்கனவே உள்ள புண்ணையே கீறுகின்றனர். ஆகவே, எழுதுபவர்கள் தாம் யார் என்பதை மறைக்கிறார்களா, ஒருவரோடொருவர் சேர்ந்து இயங்குகிறார்களா என்ற இரண்டையும் பாருங்கள். இத்தகைய வலையமைப்புகளை அகற்றும்போது முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனமும் எழுதப்பட்ட கருத்தைக் காட்டிலும் இந்த நடத்தையையே முதன்மையாகக் கொள்கிறது.

உங்கள் கேள்வியில் என் கவனத்தை ஈர்த்தது, இரு தரப்பும் ஒரே இரவில் வந்தன என்பதே. 2016 மே 21 அன்று அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில், இஸ்லாமிய நிலையம் ஒன்றின் முன்னால் இரு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கோஷமிட்டன. ஒரு கூட்டத்தை அழைத்தது ரெக்சஸ் மாநிலத்தின் பெருமை பேசிய ஒரு முகநூல் பக்கம். மற்றதை அழைத்தது முஸ்லிம்களின் பெயரில் இயங்கிய இன்னொரு பக்கம். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலிருந்த ஒரே நிறுவனம் என்பது 2017 நவம்பரில் அமெரிக்க செனற் சபையின் புலனாய்வுக் குழுவின் விசாரணையில் வெளியாயிற்று. வீதியில் நின்றவர்களோ உண்மையான மனிதர்கள். தம்மை அழைத்தவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. எனவே உங்கள் பக்கத்திலும் எதிர்த்தரப்பை மட்டும் ஆராயாமல், உங்களுக்காகப் பரிந்து பேசும் புதிய கணக்குகளையும் அதே அட்டவணையில் சேர்த்து ஆராயுங்கள்.

அந்த அட்டவணையில் கணக்கின் பெயர், அதன் இணைப்பு, எழுதிய நேரம், எழுதிய வாசகம் ஆகியவற்றைப் பதியுங்கள். பெயரை எத்தனை முறை மாற்றினாலும் முகநூல் கணக்கின் அடையாள எண் மாறாது என்பதால், கிடைக்குமிடத்தில் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நீளமான ஒரு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். ஒரே எழுத்துப்பிழையும் ஒரே இடத்தில் விடுபட்ட புள்ளியும் பல கணக்குகளில் அப்படியே காணப்பட்டால், அவை ஒரு மூலத்திலிருந்து நகலெடுக்கப்பட்டவை என்பதற்கு அதுவே வலுவான சான்று. அதே கணக்குகள் அதே மணித்தியாலத்தில் வேறு ஊர்களின் பக்கங்களிலும் தோன்றினவா என்று பாருங்கள். பதிவுகளுக்குப் பழைய திகதி இட முகநூலில் வழியுண்டு. ஆகையால் ஒரு கணக்கின் வயதை அறிய, அதன் பழைய படங்களின் கீழ் உறவினரும் நண்பரும் அந்தக் காலத்திலேயே எழுதிய கருத்துகள் உள்ளனவா என்று பார்ப்பதே நல்லது. தாக்குவது தனிநபர் கணக்காக இல்லாமல் ஒரு பக்கமாக இருந்தால், அது உருவாக்கப்பட்ட நாளையும் முன்னைய பெயர்களையும் பக்க வெளிப்படைத்தன்மைப் பகுதியில் காணலாம்.

எமது சூழலில் தவறாக வழிநடத்தும் அடையாளங்கள் பல உள்ளன. இங்கேதான் மிகுந்த நிதானம் வேண்டும். முகத்துக்குப் பதிலாகப் பூவையோ சுவாமி படத்தையோ வைத்து, கணக்கைப் பூட்டி வைத்திருக்கும் பெண்கள் எமது ஊர்களில் ஏராளம். நள்ளிரவில் எழுதுவதும் ஐயத்துக்குரியதன்று. யாழ்ப்பாணத்தில் அதிகாலை மூன்று மணியாகும்போது, கோடை காலமாயின் ரொறன்ரோவில் முந்திய நாள் மாலை ஐந்தரை. புலம்பெயர்ந்த உறவுகள் வட்ஸ்அப் குழுவில் வந்ததை நம்பி, வரிமாறாமல் ஒட்டிவிடுவதும் உண்டு. ஆகவே ஓர் அடையாளத்தைக் கொண்டு எவரையும் போலி என்று அறிவிக்காதீர்கள். மூன்று நான்கு அடையாளங்கள் பல கணக்குகளில் ஒருசேரப் பொருந்தும்போது மட்டுமே திட்டமிட்ட செயல் என்று கருத இடமுண்டு. அப்போதும் பின்னால் இருப்பவர் யார் என்பதை உங்களால் வெளியிலிருந்து நிறுவ இயலாது. இன்ன கட்சி, இன்ன நாடு என்று ஊகித்து எழுதினால், அடுத்த சண்டைக்கு நீங்களே வித்திட்டவராவீர்கள்.

நடவடிக்கையின் முதற்படி, முறையிடுவதற்கு முன்னரே திரைப்பிடிப்புகளைச் சேமிப்பது. கணக்கு அகற்றப்பட்டால் சான்றும் மறைந்துவிடும். ஏச்சுக் கருத்துகளை அழிப்பதை விட மறைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மறைத்த கருத்து எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தொடர்ந்து தெரியும் என்பதால், அவர் அதைக் கவனித்து உடனே வேறு கணக்கில் வருவது குறையும். குறிப்பிட்ட இழிசொற்களைத் தானாகவே மறைக்கும் வசதியும் பக்க அமைப்புகளில் உண்டு. அதன் பின், எந்த நாள், எந்தக் கடற்பரப்பு, எத்தனை வலைகள் என்று கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பதிந்த விவரத்தை முதற்கருத்தாக நிலைநிறுத்துங்கள். ஏச்சை மேற்கோள் காட்டி மறுக்க வேண்டாம். அது அந்த ஏச்சை மேலும் பலரிடம் கொண்டுசெல்லும். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் பண்போடு மாற்றுக்கருத்து எழுதினால் அவருக்குக் கட்டாயம் பதிலளியுங்கள்.

போலிக் கணக்குகளை முகநூலிலேயே முறையிடலாம். இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவுக்கும் அறிவிக்கலாம். உயிரச்சுறுத்தல் இருப்பின் பொலிஸ் முறைப்பாடு அவசியம். வெறும் ஏச்சுக்காக 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நாடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்; கருத்துச் சுதந்திரத்தைப் பாதிக்கக்கூடியது என்று பரவலாக விமர்சிக்கப்பட்ட சட்டம் அது.

வட்ஸ்அப்பில் இதே விடயம் குரல்பதிவாக வந்தால் தாமதிக்காதீர்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக எழுந்த வதந்தியை, அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் பொய்யென நிறுவினார்; அதற்கு முன்னரே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கைகள் மாறி வந்தது. அதை அனுப்பியவரிடம் யாரிடமிருந்து பெற்றார் என்று தனியாகக் கேளுங்கள். சங்கச் செயலாளரை அழைத்து உறுதிப்படுத்தி, கிடைத்த பதிலை அதே குழுவில் அன்றைக்கே இடுங்கள்.