சோயாவுக்கான ரைசோபியத்தை உளுந்துக்குக் கலக்கலாமா?

சம்பா அறுவடைக்கு முன் நெல் வயலில் உளுந்து தெளிக்கும் டெல்டா விவசாயி ஒருவரின் கேள்வி இது. ரைசோபியம் என்பது பயறுச் செடிகளின் வேரில் முடிச்சு உண்டாக்கி, அவற்றுக்கு நைட்ரஜன் தரும் பாக்டீரியா. வேண்டாம் என்பதே என் பதில்.

வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளை பாக்டீரியாவின் நாட்-டி புரதம் உணர்ந்தால்தான், முடிச்சு உருவாக உதவும் பிற நாட் மரபணுக்கள் விழிக்கும். அவை உருவாக்கும் சமிக்ஞை மூலக்கூறு பாக்டீரியா இனத்துக்கு இனம் சற்றே மாறும். செடியின் ஏற்பிப் புரதம் அதை அடையாளம் கண்டால்தான் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே விடும். சோயாவுக்கான ரைசோபியத்தின் சமிக்ஞை உளுந்துக்குப் பொருந்தாமல் போகலாம். இந்தப் பொருத்தம் எனக்கு அலுக்காத அதிசயம்!

பாக்டீரியா உள்ளே சென்றபின் வேரில் முடிச்சு உருவாகும். அதனுள் பாக்டீரியாவின் நிஃப் மரபணுக்கள் தரும் நைட்ரஜனேஸ் நொதி காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது. ஆக்சிஜன் மிகுந்தால் அந்நொதி கெடும்; செடி உருவாக்கும் லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்பு நிறப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து நொதியைக் காக்கிறது.

உளுந்துக்கென்றே உள்ள ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்துங்கள். பூக்கும் தறுவாயில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் கிடைக்கிறது.