குழந்தைக்கு ஊர் வழக்கத்தை யார் சொல்லித் தருகிறார்கள்?

பள்ளிக்கூடம் என்று பலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதற்கு வெகு முன்பே, வீட்டில், முறை சொல்லி அழைப்பதிலேயே இது தொடங்கிவிடுகிறது. அப்பாவின் தம்பி சித்தப்பா, அம்மாவின் தம்பி மாமா. இரண்டு வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு "மாமா வந்திருக்காங்க பாரு, வாங்கன்னு சொல்லு" என்று பாட்டி சொல்லும்போதே, சித்தப்பா மகள் தங்கை, மாமா மகள் முறைப்பெண் என்கிற பெரிய உறவுக் கணக்கின் முதல் வரி அவனுக்குள் போய்விடுகிறது, கல்யாணம் என்றால் என்னவென்றே தெரியாத வயதில்!

அப்புறம் திருத்தங்கள். புத்தகத்தில் கால் பட்டால் "தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோ", கிளம்பும்போது "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு". காரணம் யாரும் விளக்குவதில்லை, கை தானாகக் கண்ணுக்குப் போகப் பழகிவிடுகிறது. "பொம்பளைப் பிள்ளை சத்தமா சிரிக்காதே" என்பதும் இதே வழியில்தான் உள்ளே போகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.