ராஜினாமா கொடுத்த பிறகு கம்பெனி மிரட்டினால்

நண்பரே, துபாயில் நாலு வருஷம் வேலை பார்த்து ராஜினாமா கொடுத்ததும் சம்பளத்தை நிறுத்தி, பாஸ்போர்ட்டைத் தர மறுத்து, 'ஓடிப்போய்விட்டான்' என்று புகார் கொடுப்போம் என மிரட்டுகிறார்கள் என்கிறீர்கள். முதலில், கோபத்தில் வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நிறையப் பேர் மாட்டுவது அங்கேதான்: தகுந்த காரணமில்லாமல் தொடர்ந்து 7 நாளுக்கு மேல் போகாவிட்டால் அந்தப் புகாருக்கு நீங்களே வழி செய்து கொடுத்தது போலாகிவிடும். நோட்டீஸ் காலம் முடியும்வரை போங்கள், உள்ளே விடவில்லையா, வாசலில் நின்றபடியே 'வந்திருக்கிறேன், அனுமதிக்கவில்லை' என்று மேனேஜருக்கு மெயில் தட்டிவிடுங்கள், தேதியும் நேரமும் அதில் தானாகப் பதிவாகிவிடும். ஒப்பந்தம், ராஜினாமாக் கடிதம் எல்லாவற்றையும் இன்றே சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ஆபீஸ் மெயிலை எந்த நிமிடமும் பூட்டுவார்கள்.

பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது அங்கே சட்டவிரோதம். 2021 தொழிலாளர் சட்டப்படி வேலை முடிந்த 14 நாளுக்குள் பாக்கி முழுவதும் கைக்கு வர வேண்டும். கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருஷம்வரை வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், ஆக உங்களுக்கு 84 நாள். பேசிக் 2,000 திர்ஹம் என்றால் 5,600 வரும். ராஜினாமா செய்தால் அது குறையும் என்பதெல்லாம் பழைய சட்டம், யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தராவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தின் மொஹ்ரே ஆப்பிலேயே புகார் போடலாம். 50,000 திர்ஹம்வரை என்றால் அமைச்சகமே முடிவு சொல்லும், அதற்கு மேலே சமரசம் ஆகாவிட்டால் கோர்ட். கம்பெனி துபாய் சர்வதேச நிதி மையமான டிஐஎஃப்சி-க்குள் இருந்தால் மட்டும் சட்டமே வேறு, அதைச் சொல்லுங்கள். அப்புறம், பணம் அக்கவுண்டில் விழாமல் 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.