சாம் குக்கின் ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’: உறுப்பினர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைக்கு முன்னோடிகளில் ஒருவரான பாடகர் சாம் குக் 1964-இல் பதிவுசெய்த ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’, அதாவது ‘ஒரு மாற்றம் வரத்தான் போகிறது’ என்ற பாடலைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை இணைத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, விடுதியில் அறை மறுக்கப்பட்ட கோபத்தில் சாம் குக் இந்தப் பாடலை எழுதினார் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதானா?

பதில்: சம்பவம் உண்மை. 1963 அக்டோபர் 8 அன்று, லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் இருந்த ஹாலிடே இன் விடுதியில் முன்னதாகவே அறை பதிவுசெய்துவிட்டு, மனைவியோடும் குழுவினரோடும் அவர் போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் கறுப்பினத்தவர் என்பதைக் கண்ட ஊழியர் அறை காலியில்லை என்று சொல்லிவிட்டார். மேலாளரை வரச் சொல்லி வாதாடிய குக்கை மற்றவர்கள் வற்புறுத்தி அழைத்துச் சென்றனர். கார் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு கிளம்பிய அவர்கள், கறுப்பினத்தவருக்கான வேறொரு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அமைதியைக் குலைத்ததாகக் காவல்துறை அவர்களைக் கைது செய்தது. நியூயார்க் டைம்ஸ் வரை செய்தி போயிற்று. 2019-இல் அந்நகரின் மேயர், குக்கின் குடும்பத்தாரிடம் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

ஆயினும் இந்த ஒரு நிகழ்ச்சியையே பாடலின் ஊற்றாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1961 மே மாதம் மெம்ஃபிஸ் நகரில், கறுப்பின ரசிகர்களைப் பிரித்து உட்கார வைத்த அரங்கில் பாட மறுத்துவிட்டுத் திரும்பியவர் அவர். 1963 ஜூன் மாதம் அவருடைய கைக்குழந்தை வின்சென்ட் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டின் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தான். அந்தத் துக்கம் ஆறாத நிலையில்தான் அவர் ஷ்ரீவ்போர்ட்டுக்குப் போனார். பாடலை ஒருமுறை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். கோபத்தில் எழுதியதாக இருந்தால் எதிரே நிற்பவனைக் குற்றம் சாட்டும் ஒரு வரியாவது இருந்திருக்கும். இதில் ஒலிப்பது நெடுங்காலமாகச் சுமந்து களைத்துப்போன மனிதனின் குரல்.

கேள்வி: பாடகர் பாப் டிலனுக்கும் இந்தப் பாடலுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பதில்: உண்டு. 1963-இல் வெளிவந்த டிலனின் ‘ப்ளோவிங் இன் தி விண்ட்’ பாடலைக் கேட்ட குக், இனப் பாகுபாட்டைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசும் பாடலை ஒரு வெள்ளை இளைஞன் எழுதியிருக்கிறானே, நாம் எழுதவில்லையே என்று மனம் வருந்தினார் என்பதை அவருக்கு நெருங்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காதல் பாடல்களும் நடனப் பாடல்களும் கேட்டுப் பழகிய வெள்ளை ரசிகர்களை இழந்துவிடுவோமோ என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. 1957-இல் ‘யூ செண்ட் மீ’ முதலிடம் பிடித்த நாளிலிருந்து அவர் பாடுபட்டுச் சேர்த்த ரசிகர் கூட்டம் அது. டிலனின் பாடலை உடனே தன் மேடை நிகழ்ச்சிகளில் சேர்த்துக்கொண்டார். ஆனால் இரண்டு பாடல்களுக்கும் அமைப்பில் ஒற்றுமை தேடுவது வீண் வேலை. டிலன் கேள்விகளாக அடுக்குகிறார். குக் ‘நான்’ என்று தொடங்கித் தன் வாழ்க்கையைச் சாட்சியமாக வைக்கிறார். அந்தச் சாட்சி சொல்லும் முறை தேவாலயத்திலிருந்து வந்தது.

கேள்வி: அப்படியென்றால் இதை காஸ்பல் பாடல், அதாவது கறுப்பினத் தேவாலயங்களின் பக்திப் பாடல், என்று சொல்லலாமா? அவர் தேவாலயப் பாடகராக இருந்தவர் என்று கேள்விப்பட்டேன்.

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். குக்கின் தந்தை சார்லஸ் குக் ஒரு போதகர். மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் 1931-இல் பிறந்து சிகாகோவில் வளர்ந்த மகன், இருபது வயதுக்குள்ளாகவே அன்றைய புகழ்பெற்ற காஸ்பல் குழுவான சோல் ஸ்டிரரர்ஸின் முன்னணிப் பாடகராகிவிட்டார். பிறகு பாப் இசைக்குப் போனபோது, ஆண்டவரைப் பாடிய வாயால் காதலைப் பாடுகிறானே என்று தேவாலய வட்டாரத்தில் பலர் அவரை ஒதுக்கினர்.

இந்தப் பின்னணியோடு பாடலின் இரண்டாவது சரணத்தைக் கேட்க வேண்டும். வாழ்வது கடினமாகிவிட்டது, ஆனால் சாகவும் அச்சமாக இருக்கிறது, ஏனென்றால் வானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்கிறார். அக்கரையில் கர்த்தர் காத்திருக்கிறார், இங்கே பட்டதெல்லாம் அங்கே தீரும் என்பதுதான் காஸ்பல் பாடல்களின் அடிப்படை நம்பிக்கை. அடிமைக் காலத்திலிருந்து அந்த மக்களை நிமிர்த்தி வைத்திருந்ததும் அதுவே. அந்த நம்பிக்கையில் ஊறி வளர்ந்த போதகர் மகன், அதே காஸ்பல் குரலில், அதே உருக்கத்தோடு, மறுகரையைப் பற்றித் தனக்கு நிச்சயமில்லை என்று பாடுகிறார். மறுமையில் நிச்சயமில்லை என்றாகிவிட்டால், மாற்றம் இந்த மண்ணிலேயே வந்தாக வேண்டும். ஒவ்வொரு சரணமும் ‘வரும் என்று எனக்குத் தெரியும்’ என்று முடிவதன் அழுத்தம் இங்கேதான் பிறக்கிறது. தெரியாது என்று சொன்ன அதே வாய் தெரியும் என்று சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பதால்தான் மற்ற பல போராட்டப் பாடல்களைவிட இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கேள்வி: முதல் வரியில் ஆற்றங்கரையில் ஒரு சிறு கூடாரத்தில் பிறந்ததாகப் பாடுகிறார். உண்மையிலேயே கூடாரத்தில் பிறந்தவரா?

பதில்: இல்லை. அது அவருடைய மக்களின் பிறப்பைச் சொல்லும் வரி. கிளார்க்ஸ்டேல் வழியாக சன்ஃபிளவர் ஆறு ஓடுகிறது, மிசிசிப்பி ஆறும் தொலைவில் இல்லை. ஆறு மட்டும் அவர் கண்டது. குழந்தையாக இருந்தபோதே குடும்பம் சிகாகோவுக்குப் பெயர்ந்துவிட்டது. தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆற்றைப் போலவே தானும் அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருப்பதாக அடுத்த வரியில் சொல்வதை அந்தப் பின்னணியில் கேட்டால் பொருள் விரியும்.

கேள்வி: தொடக்கத்தில் வரும் அந்த வயலின் இசை திரைப்படத்துக்கு எழுதியதைப் போல இருக்கிறது. யார் அமைத்தது? நான் இசை கற்கும் மாணவி. விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: இசைக்கோர்ப்பு ரெனே ஹால். குக்கோடு முன்பிருந்தே பணியாற்றிவந்த லூசியானாக்காரர், கிட்டார் கலைஞர். வழக்கமாக ஒவ்வொரு கருவி என்ன வாசிக்க வேண்டும் என்பதில் தலையிடும் குக், இந்தப் பாடலை மட்டும் ஹாலின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். ஹாலிவுட்டில் இருந்த ஆர்.சி.ஏ. ஒலிப்பதிவுக் கூடத்தில் 1964 ஜனவரி 30 அன்று பதிவு நடந்தது. தயாரிப்பாளர்கள் ஹியூகோ பெரெட்டியும் லூயிஜி கிரியேட்டோரும். டிரம்ஸ் வாசித்தவர் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த எர்ல் பால்மர்.

ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு தனி நிறம் கொடுத்திருக்கிறார் ஹால். முதல் சரணத்தை வயலின் கூட்டம் தாங்குகிறது. அடுத்ததில் ஹார்ன்கள், அதாவது பித்தளை ஊதுகருவிகள், முன்னுக்கு வருகின்றன. ‘சகோதரனிடம் போய் உதவி கேட்டேன், அவனோ என்னை மண்டியிட வைத்தான்’ என்ற பொருள்படும் இடைப்பகுதியில் டிம்பனி என்ற பெரிய முரசு முழங்குகிறது. இவற்றுள் ஃபிரெஞ்ச் ஹார்ன் மட்டும் எங்கெங்கே நுழைகிறது என்று குறித்துக்கொண்டு கேளுங்கள். பாடகர் சொல்லாமல் விட்ட துயரம் அதில்தான் இருக்கிறது. தாளம் பன்னிரண்டுக்கு எட்டு. மெல்ல அசையும் அந்த மூன்று மூன்றான நடை காஸ்பல் பாடல்களுக்கு உரியது. ஆக, மேலே சிம்ஃபனி, அடியில் தேவாலயம், நடுவில் குக்கின் குரல்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய 45 ஆர்.பி.எம். தட்டில் ஒரு சரணம் குறைகிறது. தட்டில் கோளாறா?

பதில்: தட்டில் கோளாறு எதுவும் இல்லை. 1964 மார்ச் வாக்கில் வந்த ‘ஐன்ட் தட் குட் நியூஸ்’ எல்பி தட்டின் (பல பாடல்கள் கொண்ட நீள்தட்டு) இரண்டாம் பக்கத்தில் முதல் பாடலாக இது முழுமையாக இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறு தட்டாக, வெளியிட்டபோது மூன்றாவது சரணத்தை வெட்டிவிட்டார்கள். திரையரங்குக்கும் நகரத்தின் நடுப்பகுதிக்கும் போகிறேன், இங்கே நிற்காதே என்று யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற சரணம் அது. பாகுபாட்டை வெளிப்படையாகத் தொடும் ஒரே இடமும் அதுதான்.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுதிகளிலும் உணவகங்களிலும் திரையரங்குகளிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் 1964 ஜூலை 2 அன்று கையெழுத்தாகிவிட்டது. சட்டம் வந்து ஐந்து மாதங்களுக்கு மேலான பிறகும், திரையரங்கு வாசலில் ஒரு மனிதன் விரட்டப்படுவதை வானொலியில் பாடலாக ஒலிக்கவிட இசைத்தட்டு நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. உங்கள் தட்டு அந்தக் காலத்தின் ஆவணம்; பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்பதற்கு எல்பி வடிவத்தையே நாடுங்கள். அந்தச் சரணம் இல்லாவிட்டால் எந்த மாற்றத்துக்காக அவர் ஏங்குகிறார் என்பது மங்கிவிடுகிறது.

கேள்வி: ‘ஒன் நைட் இன் மயாமி’ படத்தில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் கடிந்துகொண்ட பிறகுதான் குக் இந்தப் பாடலுக்கு வருவதாகக் காட்டுகிறார்களே?

பதில்: அது நாடகத்துக்காகச் செய்துகொண்ட மாற்றம். பின்னாளில் முகமது அலி ஆன கேஸியஸ் கிளே குத்துச்சண்டையில் சன்னி லிஸ்டனை வென்ற அந்த மயாமி இரவு 1964 பிப்ரவரி 25. பாடல் அதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் முன்பே பதிவாகிவிட்டது. பிப்ரவரி 7 அன்று ஜானி கார்சனின் ‘டுநைட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியும் விட்டார். மால்கம் எக்ஸோடு குக்குக்கு நட்பு இருந்தது உண்மை.

கேள்வி: அந்தத் தொலைக்காட்சிப் பதிவு எங்கே கிடைக்கும்? வேறு மேடைப் பதிவு ஏதாவது உண்டா?

பதில்: வருத்தமான பதில்தான். அதை ஒளிபரப்பிய என்.பி.சி. நிறுவனம் அந்த ஒளிநாடாவைப் பாதுகாத்து வைக்கவில்லை. மேலாளர் ஆலன் கிளைன் வற்புறுத்தியதால் அங்கே பாடிய குக், அதற்குப் பிறகு இதை மேடையில் பாடுவதைத் தவிர்த்தார். அவ்வளவு பெரிய வாத்தியக் குழுவை ஊர் ஊராகக் கொண்டுபோக முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவருடைய இளம் நண்பரான பாடகர் பாபி வோமாக் சொன்னது: பதிவைக் கேட்டுவிட்டு, இதில் மரணத்தின் ஒலி கேட்கிறது என்றாராம் வோமாக், குக்கும் அதை மறுக்கவில்லையாம். அந்த ஜூலையில் நியூயார்க்கின் கோபகபானா இரவு விடுதியில் அவர் பாடிய நிகழ்ச்சி தட்டாக வந்திருக்கிறது. அதில் டிலனின் பாடல் இருக்கிறது, இந்தப் பாடல் இல்லை.

கேள்வி: அவர் இறந்த பிறகுதான் பாடல் புகழ்பெற்றதா?

பதில்: 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மோட்டலில் அதன் மேலாளரால் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. தற்காப்புக்காகச் செய்யப்பட்ட, குற்றமாகாத கொலை என்று விசாரணை முடிந்தது. குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. பதினொரு நாள் கழித்து வந்த சிங்கிளில் ‘ஷேக்’ என்ற நடனப் பாடல்தான் முன்பக்கம். அது அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பாப் பட்டியலில் 7-ஆம் இடம் வரை போனது. பின்பக்கத்தில் இருந்த நம் பாடல் 31-ஐ எட்டியது, கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் 9-ஐ. மிகப்பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. உரிமைப் போராட்டக் கூட்டங்களில் பாடிப் பாடி மக்கள்தான் இதை உயர்த்தினார்கள்.

கேள்வி: மற்றவர்கள் பாடியவற்றில் எதைக் கேட்கலாம்?

பதில்: இரண்டு போதும். ஓடிஸ் ரெடிங் 1965-இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியதில் வயலின் கிடையாது. பித்தளைக் கருவிகளும் அவருடைய கரகரத்த குரலுமே முன்னால் நிற்கின்றன. அதே ‘ஓடிஸ் புளூ’ தட்டில் குக்கின் பாடல்கள் மொத்தம் மூன்று இருக்கின்றன. அரீதா ஃபிராங்க்ளின் 1967-இல் பாடியபோது, பழைய நண்பர் ஒருவர் சொன்னது என் நெஞ்சைத் தொட்டது என்று முன்னுரையாகப் பாடிவிட்டுத்தான் குக்கின் வரிகளுக்குள் நுழைகிறார். அவரும் போதகர் மகள். குக்கைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவர்.

இவற்றுக்கு முன்பாக, சோல் ஸ்டிரரர்ஸோடு குக் 1956-இல் பாடிய ‘டச் தி ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மென்ட்’ காஸ்பல் பாடலையும், 1963 ஜனவரியில் மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் கறுப்பின ரசிகர்கள் முன் பாடி 1985-இல்தான் வெளிவந்த மேடைப் பதிவையும் கேட்டுவிடுங்கள். கோபகபானா தட்டில் கேட்ட மெருகேறிய குரலும் இதுவும் ஒருவருடையதா என்று வியப்பீர்கள்.