சோலண்டில் பயறு வேகவில்லை, அடுப்பையும் தொடக் கூடாதாம்!

கேள்வி: ஜெருசலேமில் 86 வயதுப் பாட்டி ஒருவருக்குப் பராமரிப்பாளராக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில். வெள்ளிக்கிழமைதோறும் சோலண்ட் (யூதர்கள் ஓய்வுநாளுக்காக முதல்நாளே வைத்து இரவெல்லாம் சூட்டில் விடும் பயறு-இறைச்சிக் குழம்பு) வைக்கச் சொல்கிறார்கள். கடையில் விற்கும் சோலண்ட் கலவைப் பாக்கெட்டைத்தான் வாங்கித் தருகிறார்கள். ஸ்லோ குக்கரில் ராத்திரி முழுக்கக் கிடந்தும் சிவப்புப் பயறு கல் மாதிரி இருக்கிறது, அடியும் பிடிக்கிறது. போன வாரம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பாட்டிக்கு வாந்தி. போதாததற்கு, நான் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்கிறார் மகன். நான் தொட்டால் தீட்டா?

பதில்: முதலில் வாந்தி. அதற்கு இந்தச் சட்டிதான் காரணம் என்று இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது; டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் முறையில் ஒரு நிஜமான ஆபத்து இருக்கிறது. அந்தச் சிவப்புப் பயறு நம் ஊர் ராஜ்மாதான். பச்சை ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. நாலைந்து பயறு வேகாமல் உள்ளே போனாலே 1 முதல் 3 மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரோ குறைந்த சூட்டில் மணிக்கணக்காக மெல்ல ஏறும். கொதிநிலையைத் தொடாமலே நின்றுவிடுவதும் உண்டு. 80 டிகிரியில் அரைவேக்காடாகக் கிடக்கும் ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட அதிகமாகப் படுத்தும். எவ்வளவு நேரம் கிடந்தது என்பது கணக்கே இல்லை.

ஆகவே வியாழன் இரவே பயறை ஊறப்போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு. உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினத் தண்ணீராக இருக்கலாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பயறின் தோலை இறுக்கிவிடும். சோடாவும் உப்பும் அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, அலசி, புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்து 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் சட்டியில் சேர்க்க வேண்டும். தேன், கெட்சப், பேரீச்சம்பழப் பாகு எதையும் பயறு வேகும் முன்னால் ஊற்றாதீர்கள். புளிப்பும் இனிப்பும் பயறை மெத்தென்று ஆகவிடாது. பலர் இரவு முழுக்க வேகவைத்தும் தோற்பது இதனால்தான்.

அந்தக் கலவைப் பாக்கெட்டை வாங்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். ராஜ்மா, வெள்ளை பீன்ஸ், பார்லி மூன்றையும் ஒன்றாகக் கொட்டி விற்கிறார்கள். மூன்றுக்கும் வேகும் நேரம் வேறு வேறு. பார்லி கரைந்து அடியில் ஒட்டும்போது ராஜ்மா இன்னும் கடிபடாது. சூட்டில் நாள்பட்டுக் கிடந்த பழைய பயறு எவ்வளவு ஊறினாலும் வேகாது. கலவையில் எது பழசு என்று கண்டுபிடிக்கவும் முடியாது. முதலில் கொதிக்கவிட வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருந்தாலும் பொட்டலத்தின் பின்பக்கம் ஹீப்ருவில் பொடி எழுத்தில் இருக்கும். இஸ்ரேலில் முதியவர்கள் இருக்கும் வீடுகளில் அடுப்படியில் நிற்பவர்களில் பலர் ஹீப்ரு வாசிக்கத் தெரியாத வெளிநாட்டுப் பெண்கள். யாருக்காக அச்சிடுகிறார்கள்? பராமரிப்பாளர்களுக்குப் படுக்கையிலிருந்து தூக்கவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் சொல்லித்தருகிறார்கள். வாராவாரம் ஒரு முதியவரின் வயிற்றுக்குள் போகும் சட்டியைப் பற்றி யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

இந்த இடைவெளியில் ஏஜென்ட்டுகள் புகுந்துவிடுகிறார்கள். ‘கோஷர் சமையல் சான்றிதழ்’ (கோஷர் என்றால் யூத உணவு விதிக்கு உட்பட்டது) என்று யாராவது பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். உங்கள் ஊரில் இந்த வேலைக்குக் கிளம்பும் பெண்களிடமும் சொல்லிவையுங்கள். ரபிகளின் (யூத மதகுருக்களின்) அமைப்புகள் சான்றிதழ் கொடுப்பது உணவகத்துக்கும் கடைக்கும் தொழிற்சாலைக்கும்தான். வீட்டு வேலைக்கு வருபவருக்கு அப்படி ஒரு காகிதம் தேவையே இல்லை. கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அந்த வீட்டின் அடுப்படி, அந்த வீட்டு மனிதர்கள்.

இனி அளவு. நாலு பேருக்கு வெள்ளை பீன்ஸ் 150 கிராம் (ராஜ்மாவை விட்டுவிடுவதே உத்தமம், வெள்ளை பீன்ஸையும் மேலே சொன்னபடியே ஊறவைத்துக் கொதிக்கவிடுங்கள்), பார்லி 75 கிராம், மாட்டிறைச்சி 700 கிராம், மஜ்ஜை எலும்பு 2, தோல் சீவிய முழு உருளைக்கிழங்கு 4, வெங்காயம் 2, பூண்டு 6 பல், பாப்ரிகா ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரை டீஸ்பூன், ஓட்டோடு முட்டை 4. இஸ்ரேலில் இறைச்சித் துண்டுகளுக்கு எண் உண்டு. 8-ஆம் எண் கேளுங்கள்: காலின் கெண்டைச் சதை. நெடுநேர வேக்காட்டில் அதன் சவ்வு கரைந்து குழம்புக்குக் கெட்டி கொடுக்கும். கொழுப்பில்லாத விலை உயர்ந்த துண்டு நாராகப் பிரிந்து வறண்டுவிடும். சூப் பொடி வேண்டாம். அதில் உப்பு அதிகம். 86 வயதில் அது தேவையில்லை. கல் உப்பு ஒன்றரை டீஸ்பூன் போதும்.

அடி பிடிப்பது பார்லியும் பாப்ரிகாவும் கீழே படிவதால். எலும்பையும் வதக்கிய வெங்காயத்தையும் அடியில் பரப்புங்கள். மேலே பயறு, அதற்கு மேல் இறைச்சி, உருளை, முட்டை. பார்லியை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து நடுவில் வையுங்கள். ஊதும், இடம் விடுங்கள். தண்ணீர் எல்லாவற்றுக்கும் மேலே 3 சென்டிமீட்டர் நிற்கட்டும். அடுப்பில் மிதமான தீயில் இரண்டரை மணி நேரம். ஒரு பயறை எடுத்து நசுக்கினால் மாவாக வேண்டும். அதன்பிறகே பாப்ரிகாவும் உப்பும். தண்ணீர் குறைந்திருந்தால் கொதிநீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்து, மூடிக்கும் சட்டிக்கும் இடையே பேக்கிங் தாள் வைத்து இறுக்கி மூடி, பிளாட்டாவில் (சட்டியைச் சூடாக வைக்கும் மின்தட்டில்) ஏற்றுங்கள். பிளாட்டா சூடாக வைத்திருக்கும், சமைக்காது. வேலையெல்லாம் ஷப்பாத்துக்கு (வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாள், அப்போது தீ மூட்டவோ சமைக்கவோ மாட்டார்கள்) முன்பே முடிய வேண்டும். ஜெருசலேமில் சூரியன் மறைவதற்கு 40 நிமிடம் முன்பு விளக்கேற்றுகிறார்கள். டிசம்பரில் அது மாலை 4 மணியை ஒட்டி வந்துவிடும். காலை 10 மணிக்குள் அடுப்பில் ஏற்றிவிட்டால் அவசரப்பட வேண்டியிருக்காது.

மின்சாரம் மிச்சம் என்று பிளாட்டாவின் டைமரை நள்ளிரவில் அணையவும் விடியலில் எரியவும் வைப்பவர்கள் உண்டு. சோலண்ட் இருக்கும் இரவில் கூடவே கூடாது. உணவு 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். காலையில் திரும்பச் சூடானாலும் பயனில்லை.

அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். உங்களைக் காயப்படுத்தியது அதுதான் என்று தெரிகிறது. அது தீட்டு இல்லை. நீங்கள் நறுக்கலாம், கழுவலாம், வதக்கலாம், கிளறலாம், பரிமாறலாம். யூதரல்லாதவர் தனியாகச் சமைத்ததை உண்ணக் கூடாது என்பது ரபிகள் வகுத்த பழைய விதி. பிறரோடு விருந்துறவு பெருகிக் கலப்பு மணத்தில் முடியக் கூடாது என்பது அதன் நோக்கம். சுத்தத்தைப் பற்றிய கேள்வி அதில் இல்லை. இதை மகன் ஒரு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்; சொல்லியிருக்க வேண்டும்.

நடைமுறை இப்படி. பாட்டி ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாஸி என்றால், 16-ஆம் நூற்றாண்டின் கிராக்கூவ் ரபி மோஷே இஸ்ஸெர்லெஸ் சொன்னபடி, அடுப்பை ஒரு யூதர் பற்றவைத்தால் போதும். பாட்டியே திருகைத் திருப்பட்டும், மீதி உங்கள் வேலை. மொராக்கோ, ஈராக் போன்ற வழி வந்த செஃபார்டி என்றால் அதே நூற்றாண்டின் ரபி யோசேஃப் காரோவின் தீர்ப்பு. சட்டியையும் அவர்கள் கையால் அடுப்பில் வைக்க வேண்டும். பாரமான சட்டியைப் பாட்டியைத் தூக்கவைக்காதீர்கள், மகன் வைக்கட்டும். ஸ்லோ குக்கரின் பொத்தானுக்கும் இதே விதி. இடையில் தீ அணைந்தால் நீங்களாகப் பற்றவைக்காமல் கூப்பிடுங்கள். பாட்டி படுக்கையிலேயே இருக்கும் நாளில், மகன் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு பர்னரைச் சின்னத் தீயில் ஏற்றிவிட்டுப் போகட்டும். அஷ்கெனாஸி வீட்டில் அந்தத் தீயிலேயே நீங்கள் பகல் முழுக்கச் சமைக்கலாம். நடுவில் அணைக்காமல் இருந்தால் சரி. செஃபார்டி வீட்டில் யாராவது ஒருவர் சட்டியை ஏற்றிவிட்டுப் போக வேண்டும். வீட்டோடு இருக்கும் வேலைக்காரருக்குச் சலுகை உண்டா என்பதில் ரபிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். அவர்களுடைய ரபியிடம் மகன் கேட்டுச் சொல்லட்டும்.

ஊரிலிருந்து கொண்டுபோன குக்கரையும் மசாலாப் பொட்டலத்தையும் இந்தச் சமையலுக்கு எடுக்காதீர்கள். கோஷர் முத்திரை இல்லாத ஒரு கரண்டித் தூள் விழுந்தாலே அந்த வீட்டின் சட்டி வீணாகிவிடலாம். இறைச்சிச் சட்டியில் நெய்யோ தயிரோ கூடவே கூடாது. வதக்க எண்ணெய் மட்டும்.

அடுத்த வெள்ளி பயறு வெந்ததும், மூடும் முன்னால் மகனைக் கூப்பிட்டு ஒரு பயறை அவர் கையிலேயே கொடுத்து நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.