அப்பாவைக் காணோம்

கேள்வி: டிவி தொடருக்கு வசனம் எழுதும் பெண் ஒருத்தியின் அப்பா இறந்துவிடுகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவள் தொடரில் ஒரு சாவுக் காட்சி எழுதிக் கொடுத்தாக வேண்டும். இதை நகைச்சுவை நாவலாகத் தொடங்கி, முதல் அத்தியாயத்தை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். சாவில் என்ன சிரிப்பு என்று கணவர் திட்டுகிறார். நிறுத்திவிடட்டுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கணவர் துக்க வீடுகளில் மாலையைப் போட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிடுகிறவர் போலிருக்கிறது. பந்தலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடி யார் வீட்டிலிருந்து முதலில் வர வேண்டும் என்ற சண்டையை இதுவரை எந்த நகைச்சுவை எழுத்தாளரும் மிஞ்சியதில்லை. 'கூலிக்கு மாரடிப்பது' என்று சொல்லி வைத்திருக்கும் மொழி இது.

டிவியே இதைச் செய்து காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் 'தி மேரி டைலர் மூர் ஷோ', ஒரு டிவி நிலையத்தின் செய்திப் பிரிவில் நடக்கும் தொடர். 1975 அக்டோபர் 25 அன்று வந்த பகுதியில், நிலையத்தின் கோமாளி சக்கிள்ஸ் வேர்க்கடலை வேடத்தில் சர்க்கஸ் ஊர்வலத்துக்குப் போகிறார். யானை ஒன்று அவரை நிஜக் கடலை என்று உரிக்கப் பார்க்கிறது, செத்துப்போகிறார். அலுவலகமே ஜோக் அடிக்க, மேரி மட்டும் எல்லோரையும் கண்டிக்கிறாள். இறுதிச் சடங்கில் மற்றவர்கள் அடங்கி உட்கார்ந்திருக்க, அவளுக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. பாதிரியார் கோபிக்கவில்லை, சிரியுங்கள், அவருக்கு அதுதான் பிடிக்கும் என்கிறார். அந்தக் கணமே உடைந்து அழுகிறாள். டேவிட் லாய்டுக்கு அமெரிக்க டிவியின் எம்மி விருது வாங்கிக் கொடுத்த எழுத்து.

உங்கள் அத்தியாயத்துக்கு வருகிறேன். கிளிசரின் நான்கு இடத்தில் வருகிறது. ஒரே அதிர்ச்சிக்கு ஒவ்வொரு முகமாக கேமரா மூன்று முறை சுற்றுகிறது. இதெல்லாம் டிவி பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். அப்பாவைத்தான் காணோம்! முதல் வரியிலேயே மாலை போட்ட படமாகிவிட்டார். மகள் எழுதிய தொடரை அவர் பார்ப்பாரா, பார்க்காமலே பார்த்ததாகச் சொல்வாரா? அது தெரியாத வரையில் உங்கள் சிரிப்புக்குப் பிடிமானம் இல்லை.

'இவருக்குப் பதில் இவர்' என்ற அறிவிப்பை ஒரு வரி ஜோக்காகத் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அதுதான் நாவல். 2023 செப்டம்பர் 8 அன்று நடிகர் மாரிமுத்து, 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து காலமானார். பிறகு அந்த வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தொடர் நின்றால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு நிற்கும். ஆனால் உங்கள் கதாநாயகி வீட்டில், பந்திக்கு இடம் போதாமல் அப்பாவின் நாற்காலியில் சித்தப்பா வந்து உட்காருவார் அல்லவா? அப்போது அந்த அறிவிப்பு அவள் கண்ணில் ஓடட்டும்.

நிறுத்த வேண்டாம். கிளிசரினைக் கொட்டிவிட்டு மறுபடி எழுதி அனுப்புங்கள். கணவரிடம் இப்போதைக்குக் காட்ட வேண்டாம்.