நிழலில் நிறுத்தி, ஜன்னலை இறக்கிவிட்டு, நாயைப் பத்து நிமிடம் காரில் விட்டுப் போகலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்த விவரம் இது: வீட்டில் ஒரு லாப்ரடார். கடைக்குப் போகும்போது கூடவே வந்தே தீருவேன் என்று அடம் பிடிக்கிறது. அழைத்துப் போய், மரத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார். 'இதில் அப்படி என்ன ஆபத்து, எல்லோரும் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?' என்று கேட்கிறார்.

என் பதில்: விட்டுப் போகாதீர்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளும் முன்னெச்சரிக்கைகள் மூன்றுமே மனதுக்குத்தான் ஆறுதல், நாய்க்கு அல்ல.

முதலில் அந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடர்நிறக் கார் ஒன்றை வெயிலில் நிறுத்தி, உள்ளே எவ்வளவு சூடு ஏறுகிறது என்று அளந்திருந்தார்கள். வெளியே 22 டிகிரி செல்சியஸ் முதல் 35 டிகிரி வரை இருந்த நாட்களில் நடந்த சோதனை. ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. ஜன்னலை ஒன்றரை அங்குலம் இறக்கி வைத்தும் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. ஏசியில் நன்றாகக் குளிரவைத்துவிட்டு நிறுத்தினால்? அந்தக் குளிர்ச்சி ஐந்து நிமிடம்கூடக் கூடுதலாகத் தாங்கவில்லை. காரில் விடப்படும் குழந்தைகளை மனதில் வைத்துச் செய்த ஆய்வு இது. ஆனால் உள்ளே இருப்பது குழந்தையா நாயா என்று காருக்குத் தெரியாது.

இந்தக் கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். மே மாதம் சென்னையில் 38 டிகிரி என்பது சாதாரண நாள். வேலூர், கரூர் பக்கம் கேட்கவே வேண்டாம். பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறினாலே உள்ளே 48. மரத்தடியில் நிறுத்தினால் ஏறும் வேகம் குறையும், உண்மைதான். ஆனால் நிழலிலும் வெளிக்காற்று 38 டிகிரியில்தான் இருக்கிறது. நாயின் உடல் வெப்பமே 38 முதல் 39 வரைதான். அப்புறம், நிழல் நகரும். வண்டியை விட்டுப் போகும்போது இருந்த இடத்திலேயே அது உங்களுக்காகக் காத்திருக்காது.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'அங்கேதான் குளுகுளுவென்று இருக்கிறதே' என்று ஏரிக்கரைப் பார்க்கிங்கில் நாயை விட்டுவிட்டுப் படகு சவாரிக்குப் போகிறார்கள். மேலே சொன்ன சோதனையில் வெளியே வெறும் 22 டிகிரி இருந்த நாளிலும் காருக்குள் 47 வரை போனது. காற்று குளிர்ச்சியாக இருப்பது வேறு, கண்ணாடி வழியாக வெயில் நேராக உள்ளே விழுவது வேறு. டேஷ்போர்டும் சீட்டும் அந்த வெயிலை வாங்கி உள்ளே இருக்கும் காற்றைச் சுடவைக்கும், சுட்ட காற்று வெளியே போக வழி இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இனி நாயின் உடம்பைப் பற்றி. இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி என்று நினைக்கிறேன்.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு அப்படி இல்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அது உடம்பைக் குளிரவைக்கும் அளவுக்குப் போதாது. அதற்கு இருக்கும் ஒரே பெரிய வழி இரைப்பு. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, வேகவேகமாக மூச்சுவிடும்போது நாக்கிலும் வாயிலும் மூக்குக்குள்ளும் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாகும் ஈரம் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இது நடக்காது, மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடப்பது போலத்தான். மூடிய காரில் நாய் விடும் ஒவ்வொரு மூச்சும் அந்தச் சின்ன இடத்தின் ஈரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. அதாவது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது செய்யும் வேலையே அடுத்த மூச்சைப் பயனற்றதாக்குகிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெளியிலிருந்து வரும் காற்றே புழுக்கம்தான்.

இரைப்பதும் சும்மா வருவதல்ல, தசைகளுக்கு அது வேலை. வேலை செய்தால் இன்னும் சூடு. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக். அதற்குமேல் குடல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும், ரத்தம் உறையும் முறையே குழம்பிப்போகும்.

மூக்கு சப்பையான இனங்களுக்கு இந்த ஒரே வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. பக், புல்டாக், ஷீட்சூ, பாக்ஸர் எல்லாம் இந்தக் கூட்டம். 2003 வாக்கில் வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் பக் வாங்கியது நினைவிருக்கும். விளம்பரத்தில் ஓடி ஓடி வந்த நாய் நிஜத்தில் மாடிப்படி ஏறினாலே குறட்டை விட்டது. பனிநாட்டு நாயான ஹஸ்கியைச் சென்னையில் வளர்ப்பவர்களிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன், அது தனிக் கதை. நாட்டு இனம் என்றால் பரவாயில்லையா என்றும் கேட்பார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் நம் கரிசல் காட்டு வெயிலுக்குப் பழகியவைதான். ஆனால் அந்த வெயிலில் அவற்றுக்குக் காற்று உண்டு, நிழல் தேடி நகர்ந்து படுக்க இடம் உண்டு. பூட்டிய காரில் எந்த இனத்துக்கும் இரண்டும் கிடையாது. உங்கள் லாப்ரடார் நன்றாகச் சாப்பிட்டுக் கொஞ்சம் குண்டாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. கொழுப்பு சூட்டை வெளியே விடாது.

'பத்து நிமிடம்' என்ற கணக்குக்கு வருகிறேன். விக்கிரவாண்டி தாண்டி ஒரு மோட்டலில் பார்த்தது. வெள்ளைக் கார், பின் சீட்டில் லாப்ரடார், கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அந்த இடுக்கில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது நாய். நாக்கு வழக்கத்தைவிட அகலமாக, நுனி மேல்நோக்கி வளைந்து தொங்கியது. எச்சில் தண்ணீராக இல்லை, பசை போல நூல் நூலாகக் கண்ணாடியில் வழிந்திருந்தது. ஈறு செங்கல் நிறம். கல்லாவில் இருந்தவரிடம் சொன்னேன், உடனே மைக்கில் வண்டி நம்பரைப் படித்து, 'ஓனர் உடனே வண்டிக்கு வரவும்' என்றார். கை கழுவாமலே ஓடி வந்தார் ஒருவர். 'ஏசி போட்டுத்தான் சார் வந்தோம், இப்பதான் நிறுத்தினேன்' என்றார். பொய் சொல்லவில்லை, அவர் மனதில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. டேபிளுக்கு இடம் பிடித்து, தோசை வர நேரமாகி, பில் போட வரிசையில் நின்று... பத்து நிமிடம் என்பது நாம் வண்டியை விட்டு இறங்கும்போது சொல்லும் நேரம், திரும்பி வரும்போது இருப்பது அல்ல. தி. நகர் ஜவுளிக்கடைக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பியவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுப் போகலாமே என்பார்கள். இன்ஜின் நின்றால், கம்ப்ரஸர் மக்கர் செய்தால் உங்களுக்குத் தெரியாது. நாய் கதவில் இருக்கும் சுவிட்சை மிதித்து வண்டி பூட்டிக்கொள்வதும் நடக்கிற காரியம். டெஸ்லா 2019இலேயே நாய்க்கென்று ஒரு வசதி கொண்டுவந்தது: ஆள் இறங்கிய பிறகும் ஏசி ஓடும், உள்ளே எத்தனை டிகிரி என்று திரையில் தெரியும். அப்படிப்பட்ட மின்சார கார் வைத்திருப்பவர்கள் நிலைமை கொஞ்சம் வேறு. சாதாரண பெட்ரோல் காரை அதோடு ஒப்பிட வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் ஆபத்து காரில் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் 2016 முதல் 2018 வரையிலான கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, நாய்களுக்கு வந்த ஹீட் ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குக் காரணம் நடை, ஓட்டம், விளையாட்டு. காரில் விட்டதால் வந்தது ஐந்து சதவீதச் சொச்சம்தான். கார் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருள் இல்லை. கார் விஷயம் அங்கே ஊரறிந்தது, பகல் நேர நடை யார் கண்ணிலும் படவில்லை. நம் ஊரில் இதோடு மொட்டை மாடியையும் சேர்த்துக்கொள்வேன். தகரக் கூரை போட்ட கூண்டு, ஒரு முழச் சங்கிலி, மத்தியானத்துக்குள் கொதித்துவிடும் எவர்சில்வர் கிண்ணத்துத் தண்ணீர். காரில் விடுபவரைத் திட்டும் பலர் வீட்டு மாடியில் இதுதான் நிலைமை. அக்கினி நட்சத்திர நாட்களில் நடை என்றால் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். மாலை ஆறு மணிக்குத் தார் ரோடு இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும், புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது.

ஒருவேளை நாய்க்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்துவிட்டால்: நிற்காத இரைப்பு, தள்ளாட்டம், வாந்தி, ரத்தம் கலந்த பேதி, கூப்பிட்டால் திரும்பாத பார்வை. அப்போது முதல் வேலை குளிரவைப்பது, டாக்டரிடம் ஓடுவது இரண்டாவது. இளம், ஆரோக்கியமான நாய் என்றால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி தண்ணீரில் இறக்கலாம். வயதான நாய், நோயுள்ள நாய் என்றால் உடம்பு முழுக்க நனையத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்று படும்படி வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், துண்டு சூடாகி உள்ளே இருக்கும் சூட்டை அடைத்துவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பச்சைத் தண்ணீர் கூடாது, வெதுவெதுப்பாகத்தான் வேண்டும் என்ற பழைய அறிவுரையை இப்போது யாரும் வலியுறுத்துவதில்லை. நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் சரி. ஒன்றே ஒன்று, மே மாத மத்தியானத்தில் மாடி டேங்க் தண்ணீர் குழாயில் வெந்நீராகத்தான் வரும். சம்ப்பில் இருந்து இறைத்ததோ கேன் தண்ணீரோ எடுங்கள். பிறகு காரில் ஏசி போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். எழுந்து வாலாட்டினாலும் கொண்டுபோங்கள், சிறுநீரகப் பாதிப்பு ஒரு நாள் கழித்தும் தெரியவரும். தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான அவசர ஊர்தி எண் 1962.

அடுத்தவர் காரில் இப்படிப் பார்த்தால், வண்டி நம்பரைச் சொல்லி மைக்கில் கூப்பிடச் சொல்லுங்கள், வாட்ச்மேனை அழையுங்கள், அவசர உதவி எண் 112க்குப் போன் செய்யுங்கள். நாய் சரிந்துவிட்டது, ஆளைக் காணோம் என்றால் கண்ணாடியை உடைக்கலாமா? கலிஃபோர்னியாவில் 2017 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. முதலில் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு, சில நிபந்தனைகளோடு யாரும் உடைத்துக் காப்பாற்றலாம். நம் நாட்டில் நாய்க்கென்று அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்த சேதம் குற்றமாகாது என்ற பொது விதிவிலக்கு நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 19ஆவது பிரிவில் உண்டு. உடைப்பதற்கு முன் வீடியோ எடுத்துக்கொண்டு, இரண்டு சாட்சிகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. நாயை வதைத்தவருக்கு என்ன தண்டனை என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. சில மால்களில் பார்க்கிங்கே அதைவிட அதிகம்.

சரி, அடம் பிடிக்கும் உங்கள் லாப்ரடாருக்கு வருவோம். அது கேட்பது கடையை அல்ல, உங்களோடு ஒரு சுற்று. அந்தச் சுற்றைக் கடைவேலையோடு சேர்க்காதீர்கள். காலையில் சும்மா காரில் ஏற்றி ஒரு ரவுண்டு போய் இறக்கிவிடுங்கள். கடைக்கு அழைத்துப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் இன்னொருவரும் வரட்டும். ஒருவர் உள்ளே போகும்போது இன்னொருவர் நாயோடு வெளியே நிற்கலாம். நெடுந்தூரப் பயணத்தில் சாப்பாட்டைப் பார்சல் வாங்குங்கள், அல்லது வாசலில் மேசை போட்டிருக்கும் ஹோட்டலாகப் பாருங்கள். தனியாகக் கிளம்பும் நாட்களில் ஃபேனைப் போட்டு, தண்ணீர் வைத்து, வீட்டிலேயே விட்டுப் போங்கள். எங்கள் வீட்டு நாய் சாவிச் சத்தம் கேட்டாலே கதவுக்குக் குறுக்கே படுத்துவிடும். இப்போது சாவியை ஆணியிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் முன்கூட்டியே போட்டுக்கொள்கிறேன். கிளம்பும்போது துருவிய தேங்காய் மூடி ஒன்றை அதன் முன்னால் போட்டால், அதை நக்கி முடிப்பதற்குள் நான் தெருமுனை தாண்டிவிடுவேன். உங்கள் வீட்டில் தேங்காய் ஒத்துவராவிட்டால் உறையவைத்த மோர் வைத்துப் பாருங்கள், உப்பும் தாளிப்பும் இல்லாமல்.